டெபியன் நிறுவும்போது வேண்டாத டிரைவர்கள்: கழித்துவிடுவதா, இருக்கட்டும் என்று விடுவதா?

தும்பை:
பழைய டெஸ்க்டாப் ஒன்றில் டெபியன் 12 லினக்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறேன். எக்ஸ்பர்ட் இன்ஸ்டால் வழியில் போனதால் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பில் 'ஜெனரிக்' என்றால் கிடைக்கும் எல்லா டிரைவரும், 'டார்கெட்டட்' என்றால் இந்தக் கணினிக்கு வேண்டியது மட்டும். 4 ஜிபி ரேம், 120 ஜிபி எஸ்எஸ்டி. எதைக் கொடுக்கலாம்?

கருவேலன்:
டார்கெட்டட் கொடுங்கள். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு சாட்டா டிஸ்க். சர்வர்களில் வரும் ரெய்டு கார்டுகளின் டிரைவரெல்லாம் அதற்கு எதற்கு?

என் கணினியில் பூட் பார்ட்டிஷன் (கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் இருக்கும் டிஸ்க் பகுதி) 240 எம்பிதான். லினக்ஸின் உட்கருவான கெர்னலுக்கு அப்டேட் வரும்போதெல்லாம் புது இனிட்ராம்எஃப்எஸ்ஸை எழுத இடம் போதாமல் பாதியில் நின்றுவிடும். பழைய கெர்னலைத் தேடி நீக்கிவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். கடைசியில் இனிட்ராம்எஃப்எஸ் கான்ஃபிக் கோப்பில் மாட்யூல்ஸ் வரியில் இருந்த 'மோஸ்ட்' (ஜெனரிக்) என்பதை 'டெப்' (டார்கெட்டட்) என்று மாற்றினேன். கோப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. அதற்கப்புறம் தொல்லை இல்லை.

நெய்தல்:
தும்பை, அவசரப்பட வேண்டாம். நானும் அதே 'டெப்' வைத்திருந்தவள்தான். ஒருநாள் மதர்போர்டு போய்விட்டது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினேன். பூட் மெனுவான கிரப் வந்தது, கெர்னல் ஏறியது, அப்புறம் திரை அப்படியே நின்றது. சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனின் அடையாள எண்ணை (யுயுஐடி) காட்டி, அப்படி ஒன்று இல்லை என்று ஓர் எச்சரிக்கை. கீழே இனிட்ராம்எஃப்எஸ் என்ற ஒற்றைச் சொல்லுடன் ஷெல். டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை. பழைய போர்டு டிஸ்க்கோடு ஐடிஇ முறையில் பேசியது, புதியது ஏஎச்சிஐ முறையில். அந்த டிரைவரை நானே வெளியே நிறுத்தியிருந்தேன்.

இன்னொன்று. டிஸ்க்கில் கிடக்கும் டிரைவர் ஓடுகிற டிரைவர் ஆகாது. வன்பொருள் தன் அடையாளத்தைச் சொல்லும், யுடெவ் என்ற நிரல் அதற்குப் பொருந்தும் மாட்யூலை (கெர்னலில் வேண்டும்போது சேரும் துண்டு, டிரைவரும் அப்படி ஒன்றுதான்) மட்டும் ஏற்றும். ஏறியிருப்பவற்றைப் பட்டியலிடும் எல்எஸ்மாட் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் கிடப்பவற்றில் ஏறியிருப்பது மிகக் கொஞ்சம். ரூட் பார்ட்டிஷனுக்கு மாறியதும் இனிட்ராம்எஃப்எஸ் பிடித்திருந்த ரேமும் விடுபட்டுவிடும்.

கருவேலன்:
மதர்போர்டு எத்தனை முறை போகும்? போனாலும் இன்ஸ்டாலர் பென்டிரைவில் ரெஸ்க்யூ முறையில் நுழைந்து, 'மோஸ்ட்' என்று திருப்பி, அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை ஓட்டினால் முடிந்தது. இடப் பற்றாக்குறை எனக்கு ஒவ்வொரு அப்டேட்டிலும் வந்தது.

நெய்தல்:
கையில் பென்டிரைவும், அதில் எழுத இன்னொரு கணினியும் இருந்தால் முடிந்தது. அன்று இரவு எனக்கு இரண்டும் இல்லை. உங்கள் 240 எம்பி உங்களுடைய நெருக்கடி, அதை மறுக்கவில்லை. 120 ஜிபியில் புதிதாகப் போடுகிறவர் பூட் பார்ட்டிஷனைத் தாராளமாக ஒதுக்கலாம், அல்லது தனியாகப் பிரிக்காமலே விடலாம்.

மருதன்:
கெர்னலையே சொந்தமாகக் கம்பைல் செய்தால் என்ன? அதற்கு உதவும் லோக்கல்மாட்கான்ஃபிக் கட்டளை 2.6.32 கெர்னலிலிருந்தே இருக்கிறது. அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும்.

நெய்தல்:
அந்த நேரத்தில் என்பதுதான் சிக்கல். பென்டிரைவ் செருகாத வேளையில் ஓட்டினால் அதன் டிரைவரும் கழிந்துவிடும். பிறகு செருகினால் விளக்கு எரியும், டிஸ்க் பட்டியலில் எதுவும் வராது. எல்லாவற்றையும் ஒருமுறை செருகிவிட்டு ஓட்ட வேண்டும். அதோடு, பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் நீங்களே மறுபடி கம்பைல் செய்யணும்.

ஊசிமல்லி:
நெய்தல், கிடந்தால் கெடுதல் இல்லை என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வன்பொருளே இல்லாமலும் மாட்யூல் ஏறும். 2017இல் டிசிசிபி என்ற நெட்வொர்க் புரோட்டோகாலில் ஓர் ஓட்டை வெளியானது. சாதாரணப் பயனர் அதில் ஒரு சாக்கெட் (இணைப்பு முனை) திறந்தாலே போதும், கெர்னல் அந்த மாட்யூலைத் தானாக ஏற்றிவிடும். அங்கிருந்து கணினி முழுவதையும் ஆளும் ரூட் அதிகாரம் வரை போகலாம். 2005இலிருந்து அந்தப் பிழை உள்ளேயே இருந்திருக்கிறது. டிசிசிபியைத் தொட்டே பார்க்காதவர்களின் கணினிகளும் அதில் அடக்கம்.

நெய்தல்:
ஒத்துக்கொள்கிறேன், நான் வன்பொருளை மட்டும் மனதில் வைத்துச் சொன்னேன். ஆனால் அதற்கு டார்கெட்டட் மருந்தாகாது. அது இனிட்ராம்எஃப்எஸ்ஸை மட்டும்தான் சுருக்கும். டிசிசிபி மாட்யூல் டிஸ்க்கில் அப்படியேதான் இருக்கும்.

ஊசிமல்லி:
சரிதான். அதற்கு, மாட்யூல்களை ஏற்றும் மாட்ப்ரோப் நிரலின் அமைப்பில் தடுக்க வேண்டும். பிளாக்லிஸ்ட் வரி மட்டும் போட்டால் தானாக ஏறுவது நிற்கும், ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது ஏறிவிடும். இன்ஸ்டால் வரியில் அந்த மாட்யூலுக்கு எதிரே, எதுவும் செய்யாமல் தோல்வி என்று மட்டும் சொல்லும் ஃபால்ஸ் கட்டளையைக் கொடுத்தால் இரண்டு வழியும் அடைபடும்.

தும்பை:
ஜெனரிக் கொடுத்துவிட்டேன். பூட்டுக்கு 1 ஜிபி ஒதுக்கியாயிற்று. டிசிசிபிக்கு இன்ஸ்டால் வரி எழுதி, மாட்ப்ரோப் மூலம் ஏற்றிப் பார்த்தேன், மறுத்துவிட்டது. கருவேலன் அண்ணா, அந்த 240 எம்பி கணினியில் மதர்போர்டு மாற்றுவதாக இருந்தால், கழற்றுவதற்கு முன்பே 'மோஸ்ட்' போட்டு ஒருமுறை எழுதிவிடுங்கள்.

கருவேலன்:
செய்கிறேன். போர்டு சொல்லிவிட்டுப் போனால்தான் அதுவும் முடியும். பென்டிரைவ் ஒன்றை இன்றே எழுதி வைக்கிறேன். 'டெப்' அப்படியே இருக்கும்.