ஏற்காட்டில் பள்ளிக்கூடம் பழுதுபார்க்கப் போகிறவர்கள் லீவு நாளில் ஊர் சுற்றலாமா?

அஸ்தம்பட்டிக்காரன்:
வணக்கம். சேலம், கோவை, பெங்களூரு என்று பல ஊர்களில் வேலை பார்க்கும் நண்பர்கள் சேர்ந்து காலாண்டு விடுமுறையில் சேர்வராயன் மலைக்குப் போகிறோம். நாகலூர் பக்கம் ஒரு மலைக்கிராமத்துத் தொடக்கப்பள்ளி. சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது, ஆடும் பெஞ்சுகளைச் சரிசெய்வது, குழாய் மாற்றுவது, இதுதான் வேலை. நடுவில் இரண்டு நாள் ஓய்வு. அப்போது ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் எல்லாம் பார்த்துவிடலாம் என்று திட்டம். குழுவில் ஒருவர், "சேவைக்குப் போகிற இடத்தில் சுற்றுலா எதற்கு?" என்று கேட்டு விலகிக்கொண்டார். எனக்கு இதில் தவறு தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மலைக்காபி:
விலகியவர் பக்கம்தான் நான். மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். ஏரியில் படகு ஓட்டுவதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் ஊர் சுற்றும் வசதிக்காகத் தேதி குறிக்கிறீர்கள், அந்தத் தேதிக்கு ஏற்ற மாதிரி வேலையையும் தேர்ந்தெடுக்கிறீர்கள். சேலம் மாவட்டத்துக்குச் செப்டம்பர், அக்டோபரில்தான் நல்ல மழை. மலையில் அதோடு பனிமூட்டமும் சேரும். சுவர் ஈரமாக இருக்கும்போது பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்பளித்து உரியும். எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இதுவேதான் நடந்தது. யானை, மான், ரயில்பெட்டி எல்லாம் அழகாக வரைந்துவிட்டுப் போனார்கள். அடுத்த மழைக்குள் யானைக்குக் கால் இல்லை. மேலே ஓடு உடைந்து ஒழுகுவதை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஓமலூர் தம்பி:
அக்கா, அது வேலை தெரியாமல் செய்தது. அதற்கும் ஊர் சுற்றுவதற்கும் என்ன சம்பந்தம்? கல்லூரியில் என்எஸ்எஸ் சிறப்பு முகாம் ஏழு நாள். பகலெல்லாம் மண் வெட்டி, கழிவறை கழுவி, சாயங்காலம் கை தூக்க முடியாது. ஒரு நாள் வெளியே கூட்டிப்போனால்தான் மறுநாள் எழுந்து வேலை செய்ய முடியும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்துவிட்டு, மலையைப் பார்க்காமல் சுவரை மட்டும் பார்த்துவிட்டுப் போ என்பது நியாயமா? அவர்கள் செலவழிக்கிற பணமும் மிளகாய் பஜ்ஜிக் கடைக்கும், காபித்தூள், மிளகு விற்கிறவர்களுக்கும்தானே போகிறது?

மலைக்காபி:
ஏரிக்கரைக் கடைக்குப் போகும், சரி. பள்ளிக்கூடம் இருக்கிற கிராமத்துக்கு என்ன போகிறது தம்பி? காபிப் பழம் பறிப்பு சூடுபிடிப்பது நவம்பருக்கு மேல்தான். அதுவரை கூலி வேலை குறைவு. அந்த நேரத்தில் எங்கள் ஊர்க் கொத்தனாரும் பெயிண்டரும் கீழே சேலத்துக்கும் திருப்பூருக்கும் வேலை தேடி இறங்குகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு, பிரஷ் பிடித்தே பழகாதவர்கள் வந்து இலவசமாகப் பெயிண்ட் அடிக்கிறார்கள். இது எனக்கு வலிக்கிறது. இரண்டு நாள் ரூம் வாடகையில் ஒரு பிளம்பருக்குக் கூலி கொடுத்துவிடலாம்.

வெண்கட்டி:
அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தப் பள்ளியில் என்ன வேலை நடக்க வேண்டும் என்று சொன்னது யார்? 2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். என்ன ஒழுகுகிறது, எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று அந்த அம்மாக்களுக்குத்தான் தெரியும். பெண்பிள்ளைகள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் ஒருத்தி உள்ளே போக, இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதைச் சரிசெய்ய ஒரு ஸ்க்ரூ டிரைவரும் அரை மணி நேரமும் போதும். ஆனால் போட்டோவில் அது நன்றாக இருக்காது என்பதால் யாரும் அதற்கு வருவதில்லை. தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதும் அப்படித்தான்.

தலைமையாசிரியர் அனுமதி வாங்கிவிட்டீர்களா? மின்சார வயரிங்கில் தயவுசெய்து கை வைக்காதீர்கள். கூரை மேலும் ஏறாதீர்கள்.

அஸ்தம்பட்டிக்காரன்:
தலைமையாசிரியரிடம் பேசிவிட்டோம் ஐயா. மேலாண்மைக் குழுவைச் சந்திக்கவில்லை. இந்த வாரமே இருவர் மேலே போய்ப் பேசுகிறோம். பெயிண்டைக் கோடை லீவுக்குத் தள்ளிவைக்கலாம் என்று நண்பர்களும் சம்மதித்துவிட்டார்கள். இப்போது ஓடு மாற்றுவது, தாழ்ப்பாள், குழாய், தொட்டி மட்டும். ஓட்டு வேலைக்கு அந்த ஊர்க் கொத்தனாருக்கே கூலி கொடுக்கிறோம், நாங்கள் கீழே நின்று எடுத்துக் கொடுக்கிறோம்.

ஆனால் மலைக்காபி அக்கா, பணத்தை மட்டும் அனுப்புங்கள் என்பதை நான் ஏற்க மாட்டேன். பணம் அனுப்பியவனுக்கு அந்தப் பள்ளி இருக்கும் திசைகூட நினைவிருக்காது. அங்கே நாலு நாள் தூங்கி, அந்தத் தண்ணீரில் குளித்தவன்தான் அடுத்த வருடம் போன் போட்டு, "தொட்டி கழுவினீர்களா?" என்று கேட்பான். ஊர் சுற்றலாம் என்ற ஆசையில்தான் பாதிப்பேர் வருகிறார்கள் என்றால் வரட்டுமே! வந்தபிறகு வேலை அவர்களைப் பிடித்துக்கொள்ளும்.

மலைக்காபி:
கூலி விஷயத்தில் நன்றி. ஊர் சுற்றுவது பற்றி என் எண்ணம் மாறவில்லை. மலைக்கு வருகிறவர்கள் பார்ப்பதெல்லாம் எஸ்டேட்டும் வியூ பாயின்ட்டும்தான். காபி இங்கே வந்ததே 1820களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில். மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் அல்ல) அதற்கு முன்பிருந்தே இங்கே வாழ்கிறவர்கள். மே மாதம் சேர்வராயன் திருவிழாவுக்கு எங்கெங்கோ உள்ள மலைக்கிராமங்களிலிருந்து நடந்து வருவார்கள். கோடை விழாவுக்கு வருகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும்? ஓய்வு நாள் வேண்டுமென்றால் அந்தக் கிராமத்திலேயே இருங்கள். யார் வீட்டிலாவது களியும் கீரையும் சாப்பிடுங்கள், காசு கொடுத்து. காட்டுப்பாதை தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடங்கள், அவருக்கும் கூலி கொடுங்கள்.

ஓமலூர் தம்பி:
ஒரு நாள் கிராமம், ஒரு நாள் ஏரி. இதற்காவது சம்மதிப்பீர்களா?

மலைக்காபி:
நான் சம்மதிக்க என்ன இருக்கிறது? என்னைக் கேட்டால் ஏரி வேண்டாம். போனால் பிளாஸ்டிக்கை மேலே கொண்டு வராதீர்கள், ராத்திரி பாட்டுப் போடாதீர்கள். பிள்ளைகளைப் பெற்றோரைக் கேட்காமல் படம் எடுத்துப் போடாதீர்கள்.

வெண்கட்டி:
தம்பி, ஓடு வாங்கும்முன் பழைய ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். மங்களூர் ஓட்டில் கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், பொருந்தாவிட்டால் ஒழுகும். உடைந்ததைவிடக் கூடுதலாக வாங்கிப் பள்ளியில் அடுக்கி வையுங்கள். குரங்கு ஓடுகிற ஊரில் மாதத்துக்கு இரண்டாவது உடையும்.

அஸ்தம்பட்டிக்காரன்:
சரி ஐயா. மேலாண்மைக் குழு அம்மாக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை இங்கேயே எழுதுகிறேன்.