ரப்பர் வெட்டுக்கு மூன்று மணிக்கு எழும்ப வேண்டும், பன்னிரண்டு தாண்டியும் தூக்கம் இல்லை

மலையோரத்தாள்:

எனக்கு 41 வயது. கன்னியாகுமரி மாவட்டம், கடையாலுமூடு பக்கம் மலையடியில் வீடு. எங்களுக்கென்று 140 ரப்பர் மரம் உண்டு, பக்கத்துத் தோட்டத்தில் 200 மரம் கூலிக்கு வெட்டுகிறேன். பட்டையைக் கீறிப் பால் எடுப்பதைத்தான் வெட்டு என்போம். வெட்டு உள்ள நாள் மூன்று மணிக்கு எழும்பி, ஒரு கட்டன் சாயா (பாலில்லாத தேநீர்) குடித்துவிட்டு, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால்தான் வெயில் ஏறுமுன் முடியும். வெயில் வந்தபின் வெட்டினால் பால் ஓட்டம் குறைந்துபோகும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். வேலை முடிந்து, அறைக்கு வந்து, குளித்துச் சாப்பிட அவருக்கு ஒன்பது மணி ஆகும். நமக்கு அப்போது பதினொன்றரை. அதன்பிறகுதான் கூப்பிடுவார். கடன், மகளின் பிளஸ் டூ, மாமியாரின் கால் வீக்கம் என்று முக்கால் மணி நேரம் போய்விடும். போனை வைத்தபிறகு உடனே கண் மூடுமா? பேசியதெல்லாம் திரும்பத் திரும்ப ஓடும். ஒரு மணிவாக்கில் கொஞ்சம் அயர்ந்தால் உடனே அலாரம்.

மத்தியானம் ரப்பர் ஷீட் அடித்து, சமையல் முடித்து ஒரு மணிக்குப் படுத்தால் நாலரை வரை அடித்துப் போட்டதுபோலத் தூங்குகிறேன். ராத்திரி ஒன்பதுக்கே படுத்தும் பார்த்தேன். போன் வருமே என்று காது அங்கேயே கிடக்கிறது. காலுக்குள் எறும்பு ஊர்வது போல ஒரு குடைச்சல் வேறு. எழுந்து நடந்தால் போகும், படுத்தால் வரும்.

தூக்கத்தோடு நின்றிருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் ரப்பர் பால் உறைவதற்கான ஆசிட்டை ஊற்ற மறந்துவிட்டேன். மறுநாள் சரியாக உறையாமல் நாற்றமடித்துக் கிடந்தது, அத்தனையும் நஷ்டம். கத்தி ஆழமாகப் போய் இரண்டு மரத்தில் காயம். ஏழாம் வகுப்பு படிக்கிற மகன் கஞ்சித் தட்டைத் தட்டிவிட்டான் என்று முதுகில் அடித்துவிட்டேன். அவன் அழவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்தான். அடுக்களைக்குள் போய் நின்று நான்தான் அழுதேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவும் பிடிக்கவில்லை. யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் தொண்டை அடைக்கிறது.

தூக்கம் கெட்டதால் மனது இப்படி ஆனதா, மனது சரியில்லாமல் தூக்கம் போனதா? எதை முதலில் பார்க்க வேண்டும்? வேலையையும் விட முடியாது, அந்தப் போனையும் விட முடியாது.

குளச்சல் கடற்கரை:

அக்கா, எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது. பக்கத்து மெடிக்கலில் சொன்னால் ஒரு மாத்திரை தருவார்கள். பாதி போட்டால் போதும், நல்லாத் தூங்குவீங்க.

தக்கலை சிஸ்டர்:

தம்பி, நல்ல மனதோடு சொல்கிறாய், ஆனால் அது வேண்டாம். தூக்க மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது என்பது சட்டம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். இவள் மூன்று மணிக்கு இருட்டில் கத்தியோடு சரிவில் இறங்குகிறவள். பன்னிரண்டுக்குப் போட்ட மாத்திரையின் மயக்கம் அதற்குள் தெளியாது. சில மாத்திரைகள் கொஞ்ச வாரத்திலேயே உடம்புக்குப் பழகிவிடும், பிறகு திடீரென நிறுத்தினால் இருந்த தூக்கமும் போகும். உன் அம்மா இப்போதும் போடுகிறார் என்றால் தானாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் காட்டிப் படிப்படியாகக் குறைக்கச் சொல்.

மலையோரத்தாளுக்கு: மக்களே, 34 வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் நான். அதில் பாதி நைட் டியூட்டி. தூக்கத்தைத் துண்டு துண்டாக எடுத்து வாழ்வது எப்படி என்று எனக்குத் தெரியும்.

நீ கேட்டதற்குப் பதில், இரண்டும் ஒன்றை ஒன்று இழுக்கும். தூக்கம் குறைந்தால் சின்ன விஷயத்துக்கும் கோபமும் அழுகையும் வரும். மனது சோர்ந்தால் தூக்கம் கெடும். எது முதல் என்று தேடிக்கொண்டிருக்காமல், கைக்கு எட்டுகிற முனையைப் பிடிக்க வேண்டும். உனக்கு எட்டுவது தூக்கம் என்றுதான் எனக்குப் படுகிறது.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்று ஒன்று சேர்ந்துகொண்டே போகும். அது சேரச் சேரக் கண் சொக்கும், தூங்கினால் கரையும். நீ மத்தியானம் மூன்றரை மணி நேரம் தூங்கி அதைக் கரைத்துவிடுகிறாய். பிறகு ஒன்பதுக்குப் படுத்தால் எப்படி வரும்? நீ ராத்திரித் தூக்கத்தைத்தான் மத்தியானமே செலவழிக்கிறாய்.

சில கேள்வி, ஒளிக்காமல் சொல். ஒரு நாளைக்கு எத்தனை சாயா, கடைசிச் சாயா எப்போது? மழையால் வெட்டு இல்லாத நாள் எத்தனை மணிக்கு எழும்புகிறாய்? தை, மாசியில் இலை உதிர்ந்து வெட்டை நிறுத்தியிருந்தபோது எப்படித் தூங்கினாய்? மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறதா? கடைசியாக ஒன்று: செத்துப்போனால் நல்லது என்று தோன்றுகிறதா? இதைக் கேட்டால் அந்த நினைப்பு வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை, கேட்டால் பாரம்தான் இறங்கும்.

தம்மாம் ரிட்டர்ன்:

தங்கச்சி, நான் சவூதியில் தம்மாமில் 14 வருஷம் இருந்தவன். உங்கள் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். அந்த அறையில் ஆறேழு பேர் படுத்திருப்போம். ராத்திரி எல்லாரும் வீட்டுக்குப் பேசுவார்கள். நாம் மட்டும் பேசாமல் படுத்தால் நெஞ்சு காலியாக இருக்கும். அதனால்தான் அந்த நேரத்தை விட மாட்டோம். நான் கூப்பிடும்போது என் மனைவி ஒருநாளும் தூக்கம் வருகிறது என்று சொன்னதில்லை. ஊருக்கு வந்து அவள் முகத்தைப் பார்த்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. சொல்லியிருந்தால் நேரத்தை மாற்றியிருப்பேன் என்று இன்றைக்கும் வருத்தம் உண்டு.

அவர் காலையில் வேலைக்கு வண்டி ஏறுவது எத்தனை மணி? எங்களுக்கு ஐந்தரை. குவைத்துக்கும் அதே இரண்டரை மணி நேர வித்தியாசம்தான், அதாவது நமக்கு எட்டு மணி. அப்போது நீங்கள் வெட்டு முடித்து, பால் எடுக்கக் காத்துக்கொண்டு பழங்கஞ்சி குடிக்கிற நேரம் இல்லையா? வண்டியில் போகும் அரைமணி நேரம் பேசலாமே. கடன் கணக்கு, வீட்டுப் பிரச்சினை எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமைக்கு வையுங்கள். அவருக்கு லீவு, மத்தியானம் ஆற அமரப் பேசலாம். ராத்திரி எட்டரைக்கு நீங்கள் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டுப் படுங்கள். ஒன்பது மணிக்கு அவர் அறைக்கு வந்ததும் உங்கள் குரலைக் கேட்டுக்கொள்வார்.

மலையோரத்தாள்:

எல்லாருக்கும் நன்றி. சிஸ்டர் கேட்டதற்கு: சாயா ஐந்து. மூன்றுக்கு, ஏழுக்கு, பத்துக்கு, மத்தியானம் எழுந்ததும் நாலரைக்கு, பிறகு பிள்ளைகளோடு ராத்திரி ஏழரைக்கு. மழை நாளில் ஏழு மணி வரை தூங்குவேன். வெட்டு இல்லாத மாதத்தில் அவரிடம் பேசிவிட்டு ஏழு வரை தூங்கினேன், நன்றாகத்தான் இருந்தேன். மாதவிடாய் இரண்டு வருஷமாக அதிகம்தான். சாகவேண்டும் என்று இல்லை சிஸ்டர். எங்கேயாவது போய், யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடாத இடத்தில் படுத்துக் கிடக்கலாம் என்று தோன்றும். இதை எழுதும்போதே அழுகை வருகிறது.

தக்கலை சிஸ்டர்:

எழுதினாயே, அதுவே நல்லது மக்களே. அந்தத் தை, மாசியில் நன்றாக இருந்தாய் என்பது பெரிய தகவல். உனக்குத் தூங்கத் தெரியாமல் போகவில்லை, தூங்க நேரம்தான் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ரத்தம் பார். ஹீமோகுளோபின், உடம்பில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஃபெரிட்டின், கூடவே தைராய்டு. படுத்தால் வந்து நடந்தால் போகிற கால் குடைச்சலும், அதிக ரத்தப் போக்கும் சேர்ந்தால் எனக்கு இரும்புச்சத்துக் குறைவுதான் நினைவுக்கு வரும். தைராய்டு கோளாறும் சோர்வையும் அழுகையையும் கொண்டுவரும். இதைப் பார்க்காமல் மனதை மட்டும் குற்றம் சொல்லக்கூடாது. ரத்தப் போக்குக்கு மகளிர் டாக்டரைப் பார்.

சாயாவை மத்தியானத்தோடு நிறுத்து. அதில் உள்ள காஃபின் பாதியாகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஏழரைச் சாயாவில் பாதி, நடுராத்திரியிலும் உன் ரத்தத்தில் ஓடுகிறது. ஏழரைக்குச் சுக்குவெள்ளம் (சுக்குத் தண்ணீர்) போதும், பிள்ளைகளோடு உட்காருவதுதானே முக்கியம். மத்தியானத் தூக்கம் முக்கால் மணி நேரம், அலாரம் வைத்து. முதல் வாரம் கஷ்டமாக இருக்கும், தாங்கிக்கொள். மழை நாளிலும் விடிய நாலு மணிக்கு மேல் படுத்துக் கிடக்காதே. ஒருநாள் மூன்று, ஒருநாள் ஏழு என்றால், உன் உடம்புக் கடிகாரம் வாரத்துக்கு இரண்டு தடவை குவைத்துக்குப் போய்த் திரும்பிவருவதைவிட அதிகம் அலைகிறது. எட்டரைக்குப் படு. இருபது நிமிஷம் போல ஆகியும் வரவில்லை என்றால் எழுந்து முற்றத்தில் உட்காரு, கண் சொக்கினால் திரும்பப் போ. புரண்டு கிடந்தால் கட்டில் என்றாலே விழிப்பு என்று உடம்பு பழகிக்கொள்ளும். அந்தத் தம்மாம் தம்பி சொன்னது நான் சொன்ன எல்லாவற்றையும்விட முக்கியம். போனின் வெளிச்சம் கெடுக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள், அதுவும் உண்டு. ஆனால் படுக்கப்போகும் நேரத்தில் கடன் பேசுவது வெளிச்சத்தைவிடக் கெடுதல்.

அழுகையும் எதிலும் பிடிப்பில்லாமையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு ஓ.பி.க்குப் போ. அதுவரை 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, காசு கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். எங்கேயாவது போய்விடலாம் என்பது செத்துவிடலாம் என்று மாறினால் ஒரு நிமிஷமும் காத்திருக்காதே.

மலையோரத்தாள்:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். ஹீமோகுளோபின் 9.4 இருந்தது, ஃபெரிட்டினும் மிகவும் குறைவு. தைராய்டு சரி. இரும்பு மாத்திரை தந்திருக்கிறார்கள், ஸ்கேனும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அவரிடம் சொல்ல மூன்று நாள் தயங்கினேன். சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, நீ எழும்பித்தான் இருப்பாய் என்று நினைத்தேன் என்றார். இப்போது எட்டு மணிக்குத்தான் பேசுகிறோம். நான் மரத்தடியில், அவர் வண்டியில். வெயில் வந்திருக்கும், சிரட்டையில் பால் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்கிறது என்கிறார். ராத்திரி வாய்ஸ் மெசேஜை மகனும் சேர்ந்து போடுகிறான்.

முதல் பத்து நாள் மத்தியான அலாரம் அடிக்கும்போது அதைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. இப்போது பெரும்பாலும் ஒன்பதுக்குள் தூங்கிவிடுகிறேன். கால் குடைச்சல் பாதி குறைந்திருக்கிறது. மழை நாளில் நாலுக்கு எழும்புவது மட்டும் இன்னும் முடியவில்லை, ஐந்தரை ஆகிவிடுகிறது. 14416-க்கு இரண்டு தடவை பேசினேன். மகனை அடித்ததை முதல்முதலாக அவர்களிடம்தான் வாய்விட்டுச் சொன்னேன். அப்புறம் அவனிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஆசாரிப்பள்ளத்துக்கு அடுத்த திங்கள் போகிறேன், நாத்தனார் கூட வருகிறாள்.

ஒரு சந்தேகம் சிஸ்டர். மாத்திரையை ஏழு மணிச் சாயாவோடு போடலாமா?

தக்கலை சிஸ்டர்:

கூடாது மக்களே. சாயா இரும்பை உடம்பில் ஏறவிடாது, இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பத்து மணிச் சாயாவை விட்டுவிட்டு அந்த நேரத்தில் எலுமிச்சைத் தண்ணீரோடு போடு. மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதே, மாத்திரையால்தான். மழை நாள் ஐந்தரை இப்போதைக்குப் போதும். திங்கட்கிழமை போகும்போது ரத்த ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போ. போய்வந்து எழுது.