வாத்தியம் வாசிக்க உட்கார்ந்தாலே இடது தோள் பிடித்துக்கொள்கிறது, அவசரம்

மலைச்சாரல்: வணக்கம். பத்து நிமிஷம்கூட ஆகாது, இடது தோளிலிருந்து கழுத்து வரை கல் மாதிரி இறுகிவிடுகிறது. வெள்ளிக்கிழமை கோயிலில் வாசிக்க வேண்டும். சீக்கிரம் வழி சொல்லுங்கள்.

குன்னூர்வாசி: என்ன வாத்தியம்? வயலினா, வீணையா, கிடாரா? எத்தனை வருஷப் பழக்கம்?

தேயிலைக்காடு: எதுவானாலும் குளிர்தான் காரணம். ஊட்டியில் உறைபனி விழுகிற காலையில் எனக்கு விரலே மடங்காது. கையை ஐந்து நிமிஷம் வெந்நீரில் வைத்துவிட்டு, ஆரம்பப் பாடமான சரளி வரிசையை முதல் காலத்தில், அதாவது மெதுவாக, வாசித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

மலைச்சாரல்: வீணை. ஆறு வருஷம். கோவையில் இருந்தவரை வலியே கிடையாது, கோத்தகிரிக்கு வந்து ரெண்டு மாசமாகத்தான்.

மெட்டுமெழுகு: முதல் வாரமே குருவிடம் கேட்டுத் தெரிந்திருக்க வேண்டியதம்மா இது. இத்தனை பேர் பேசியும் ஒருவர்கூட சுருதியைக் கேட்கவில்லை. உன் ஆதார சுருதி எத்தனை கட்டை உயரம்?

மலைச்சாரல்: 4. கூடப் பாடுகிற அக்காவுக்காக 3-லிருந்து ஏற்றினேன்.

மெட்டுமெழுகு: அதுதான். ஏறியது அரைச்சுரம்தான், ஆனால் அதே தந்தியில் இழுவிசை சுமார் 12 சதவீதம் கூடிவிடும். ஒரே மெட்டில், அதாவது விரல் வைக்கிற உலோகக் கம்பியில், தந்தியை இழுத்து ரெண்டு சுரம் வாசித்துப் பார், தெரியும்.

குன்னூர்வாசி: அப்படியானால் விரலும் மணிக்கட்டும் அல்லவா முதலில் வலிக்கும்?

தேயிலைக்காடு: அறையில் ஹீட்டர் போட்டுக்கொண்டு வாசியுங்கள், சரியாகிவிடும்.

மெட்டுமெழுகு: ஹீட்டரா! மெட்டெல்லாம் நிற்பதே மெழுகில். சூட்டில் அது இளகினால் மறுபடி மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுரம் பார்த்து மெழுகில் பதிக்க, ஆள் தேடி அலைய வேண்டும்.

தேயிலைக்காடு: மனுஷனுக்குச் சூடு வேண்டாமா? வீணையைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைக் காய்ச்சிக்கொண்டு வரலாமே.

குன்னூர்வாசி: ஹீட்டரை விடுங்கள். சாரல், குளிருக்கு என்ன உடுத்திக்கொண்டு உட்காருகிறீர்கள்? வழுக்குகிற துணியானால் வீணையின் இடது பக்கத்துச் சுரைக்காய் தொடையில் நிற்காது, அது நழுவ நழுவ இடது கை தண்டியை, அதாவது வீணையின் நீண்ட கழுத்தை, தாங்கப் போகும், தோள் காதுவரை ஏறிவிடும். எனக்கும் இப்படித்தான் வந்தது. பாரம் வலது பக்கத்துப் பெரிய குடம் வழியாகத் தரைக்கும் சுரைக்காய் வழியாகத் தொடைக்கும் போக வேண்டும். இடது கையை மொத்தமாக எடுத்துப் பாருங்கள், வீணை அசையக்கூடாது. அசைந்தால் பருத்தித் துண்டை நாலாக மடித்துத் தொடையில் போடுங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து தோளைச் சுழற்றுங்கள். விரல் மரத்துப்போனால் மட்டும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

மலைச்சாரல் (இரண்டு நாள் கழித்து): ட்ராக் பேண்ட்தான். கையை எடுத்ததும் வீணை சரிந்தது. துண்டு போட்டு 40 நிமிஷம் வாசித்தேன், கழுத்து பரவாயில்லை. சுருதியை இறக்க அக்கா சம்மதிக்கவில்லை. நன்றி.

மெட்டுமெழுகு: 4-லேயே வாசிப்பதானால் கொஞ்சம் மெல்லிய தந்தி போடம்மா, இழுவை குறையும். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் மாற்றாதே, புதுத் தந்தி சுருதியில் நிற்க ரெண்டு மூன்று நாள் ஆகும்.