அம்மாவின் மூச்சை எண்ண நொடிமுள் வேண்டும்: சீரிஸ் 4-லிருந்து மாறலாமா?

விழித்திருப்பவள்

வணக்கம். என்னிடம் இருப்பது ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 4. 44 மிமீ, சிம் வசதி இல்லாத ஜிபிஎஸ் மாடல். 2019-இல் வாங்கியது. ஃபோன் ஐஃபோன் எக்ஸ்ஆர். சீரிஸ் 10 அல்லது 11-க்கு மாறலாமா என்று ஒரு மாதமாக யோசிக்கிறேன். இப்படிக் கேட்டாலே ஓட்டம், நீச்சல், ஈசிஜி என்றுதான் பதில் வருகிறது. எனக்கு வேண்டியது நொடிமுள் மட்டும்தான்.

அம்மாவுக்கு சிஓபிடி. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். ஒவ்வொரு இரவும் இரண்டு தடவை, அவர் தூங்கும்போது, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணி நோட்டில் எழுத வேண்டும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதாதா என்று மருத்துவரிடம் கேட்டேன். அம்மாவின் மூச்சு சீராக இல்லை, எண்ணும்போது ஒன்று தவறினால் கணக்கில் நான்கு தவறிவிடும் என்றார். சரியாகத்தான் பட்டது.

வலது கையைப் போர்வையின் மேல் அவர் வயிற்றில் லேசாக வைத்துக்கொள்வேன். இடது மணிக்கட்டு என் முகத்துக்கு நேரே இருக்கும். நொடிமுள் பதினைந்தைத் தாண்டும்போதே திரை அணைந்துவிடும். கையை அசைத்தால் இருட்டு அறையில் பளிச்சென்று வெளிச்சம், அம்மா விழித்துவிடுகிறார். நான் எண்ணுகிறேன் என்று தெரிந்தாலே அவர் மூச்சு மாறிவிடுகிறது. திரும்ப அவர் தூங்கும்வரை காத்திருந்து முதலிலிருந்து எண்ண வேண்டும். நேற்று மட்டும் மூன்று தடவை இப்படி.

இது போக, வயதாகிவிட்டதால் பேட்டரி கொள்ளளவு 77 சதவீதத்துக்கு வந்துவிட்டது. மாலையில் சார்ஜ் போட மறந்தால் இரவு 2 மணி எண்ணிக்கைக்கு வாட்ச் உயிரோடு இருக்காது. வாட்ச்சின் மென்பொருளான வாட்ச்ஓஎஸ்ஸுக்கும் 10-ஆம் பதிப்புக்கு மேல் அப்டேட் கிடையாது.

இன்னொன்று. அம்மா வேலைக்குப் போன காலத்துக் கைப்பையின் தோலை வெட்டி அண்ணன் தைத்துக் கொடுத்த ஸ்ட்ராப் என் வாட்ச்சில் இருக்கிறது. அதைக் கைவிட மனமில்லை. என் கை மெலிந்தது என்பதால் 42 மிமீ வாங்க ஆசை. இந்த ஸ்ட்ராப் அதில் ஏறுமா?

நொடிமுள்

உங்கள் தேவைக்கு நேராகப் பொருந்துவது சீரிஸ் 10-இல்தான் வந்தது.

எப்போதும் அணையாத திரை 2019-இல் சீரிஸ் 5-லேயே வந்துவிட்டது. ஆனால் சீரிஸ் 9 வரை, கையை இறக்கிவிட்டால் திரை மங்கி நொடிமுள் மறைந்துவிடும். நிமிடத்துக்கு ஒரு தடவைதான் திரை புதுப்பிக்கப்படும். பேட்டரியை மிச்சப்படுத்த அப்படிச் செய்திருந்தார்கள். 2024-இல் வந்த சீரிஸ் 10-இன் திரை மங்கிய நிலையிலும் நொடிக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொள்ளும். கையை அசைக்காமலே நொடி ஓடுவதைப் பார்க்கலாம். மணி காட்டும் முகப்புத் திரை வடிவங்கள் எல்லாவற்றிலும் இது வராது. ஃபிளக்ஸ், ரிஃப்ளெக்ஷன்ஸ் முகப்புகளில் வரும், நானே வைத்திருக்கிறேன். பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தாலும் திரை தெளிவாகத் தெரியும். கட்டிலருகே குனிந்து உட்கார்ந்திருப்பவருக்கு அது பெரிய உதவி.

சார்ஜ் விஷயத்திலும் ஆறுதல் உண்டு. சீரிஸ் 4-இல் 80 சதவீதம் ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும், சீரிஸ் 10-இல் அரை மணி நேரம்தான். நீங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஏறிவிடும். சீரிஸ் 11-க்கு 24 மணி நேரம் நிற்கும் என்று நிறுவனம் கணக்குச் சொல்கிறது. முந்தையவற்றுக்கு அது 18.

ஸ்ட்ராப்பில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பழைய 42 மிமீ வேறு, புதிய 42 மிமீ வேறு. சீரிஸ் 3 வரை 42 என்பது பெரிய அளவு, அதன் ஸ்ட்ராப்பும் உங்கள் 44-இன் ஸ்ட்ராப்பும் ஒன்று. சீரிஸ் 10-இல் 42 என்பது சிறிய அளவு, 38, 40, 41 இவற்றின் ஸ்ட்ராப்தான் ஏறும். பெட்டியில் "42/44/45" என்று போட்டிருந்தால் அந்த 42 பழைய 42. அண்ணன் தைத்த ஸ்ட்ராப் வேண்டுமென்றால் நீங்கள் 46 மிமீ எடுக்க வேண்டும். சீரிஸ் 10 முந்தையதைவிட மெல்லியது, 9.7 மிமீதான். அதனால் 46 கையில் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

இரவுப்பணி

தங்கச்சி, வாங்குவதற்கு முன் இருக்கிற வாட்ச்சிலேயே இரண்டு விஷயம் செய்து பாருங்கள். வார்டில் இரவுப் பணி பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன்.

செட்டிங்ஸில் டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸ் போங்கள். வேக் டியூரேஷன் என்று ஒன்று இருக்கும். அது 15 நொடியில் இருக்கும், 70 நொடிக்கு மாற்றுங்கள். விரலால் தட்டி எழுப்பும்போதுதான் இது வேலை செய்யும், கையைத் திருப்பி எழுப்பினால் அல்ல. ஒரு நிமிடம் எண்ணப் பத்து நொடி மிச்சமே இருக்கும். வெளிச்சத்தையும் கடைசிவரை குறைத்துவிடுங்கள்.

அதைவிட நல்ல வழி, திரையையே பார்க்காமல் எண்ணுவது. வாட்ச்சை சைலண்ட்டில் போட்டு, டைமரில் ஒரு நிமிடம் வையுங்கள். அறைக்கு வெளியிலேயே டைமரைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். கையை வயிற்றில் வைத்த பிறகு தொடங்குங்கள், மணிக்கட்டில் அதிரும்வரை எண்ணுங்கள். வயிறு ஏறி இறங்கினால் ஒன்று. கண் மூச்சின் மேலேயே இருக்கும். வெறும் எண்ணிக்கையோடு, மூச்சு ஆழமாக இருக்கிறதா, கழுத்துத் தசை இழுக்கிறதா என்பதையும் பார்க்க முடியும். நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

வாட்ச்சை அம்மா கையிலேயே கட்டிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். தூக்கத்தில் மூச்சு வீதத்தை அது கணக்கிடும், உண்மைதான். ஆனால் காலையில் பார்க்கும் தகவல் அது, இரவில் மூச்சு ஏறினால் உங்களை எழுப்பாது. உங்கள் எண்ணிக்கைக்கு அது மாற்று இல்லை.

பழுதுமேசை

எல்லாரும் வாட்ச்சையே பார்க்கிறீர்கள், ஃபோனைக் கவனிக்கவில்லை. எக்ஸ்ஆர் என்று எழுதியிருக்கிறார். அதன் மென்பொருளில் ஐஓஎஸ் 18-தான் கடைசிப் பதிப்பு. சீரிஸ் 11 வேண்டுமென்றால் ஐஃபோன் 11 அல்லது அதற்குப் பிந்தையது, அதில் ஐஓஎஸ் 26 இருக்க வேண்டும். எக்ஸ்ஆரோடு இணையவே இணையாது.

சீரிஸ் 10 வெளியானபோது எக்ஸ்ஆரோடு இணைந்தது. ஆனால் நீங்கள் வாங்கும் வாட்ச்சில் ஏற்கெனவே வாட்ச்ஓஎஸ் 26 ஏறியிருந்தால் கதை முடிந்தது. வாட்ச்சில் பழைய பதிப்புக்கு இறக்க முடியாது. பழைய வாட்ச் வாங்கினாலும் விற்பவரிடம் முதலில் இதைத்தான் கேளுங்கள். ஆகவே உங்களுக்கு இது இரண்டு செலவு, ஃபோனும் வாட்ச்சும்.

77 சதவீதம் என்பது இத்தனை வருடத்துக்கு இயல்பு. ஆயிரம் முழு சார்ஜுக்குப் பிறகு 80 சதவீதம் நிற்க வேண்டும் என்பதே அதன் வடிவமைப்பு. பேட்டரியை மட்டும் மாற்றினால் இன்னும் இரண்டு வருடம் தாராளமாக ஓட்டலாம். கொடுப்பதற்கு முன் ஸ்ட்ராப்பைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். சில சமயம் அதே வாட்ச்சைத் தராமல் மாற்று வாட்ச் தருவார்கள்.

விழித்திருப்பவள்

மூவருக்கும் நன்றி. மூன்று இரவு செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இரவுப்பணி அக்கா, 70 நொடி சரியாக வந்தது. ஆனால் டைமர்தான் எனக்குப் பிடித்தது. முதல் இரவு அதிர்வு வந்ததும் திடுக்கிட்டு 19-ஆ 20-ஆ என்று குழம்பிவிட்டேன். இரண்டாம் இரவிலிருந்து ஒவ்வொரு மூச்சுக்கும் இடது கை விரலை மடக்கிக்கொண்டே எண்ணுகிறேன், குழப்பமில்லை. இந்த மூன்று இரவிலும் அம்மா ஒரு தடவைகூட விழிக்கவில்லை. நீங்கள் சொன்ன பிறகுதான் கழுத்தைப் பார்க்கத் தொடங்கினேன். நேற்று மூச்சு 21, ஆனால் கழுத்து இழுத்தது போல இருந்தது. எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அதையும் எழுதி, காலையில் மருத்துவரிடம் காட்டினேன். இன்ஹேலரை அம்மா எப்படி எடுக்கிறார் என்று செய்துகாட்டச் சொன்னார். மருந்து பாதி தொண்டையிலேயே தங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்து, ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வைத்து எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

பழுதுமேசை, ஃபோன் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. சீரிஸ் 11 வாங்கி வந்து இணையாமல் நின்றிருப்பேன். இப்போதைக்குப் பேட்டரி மட்டும் மாற்றப் போகிறேன். ஃபோன் மாற்றும்போது 46 மிமீ பார்த்துக்கொள்வேன்.

ஒரே ஒரு கேள்வி. பேட்டரிக்குக் கொடுக்கும்போது வாட்ச்சில் இருப்பதெல்லாம் போய்விடுமா?

பழுதுமேசை

போகாது. ஃபோனிலுள்ள வாட்ச் ஆப்பில் இணைப்பைத் துண்டியுங்கள், அப்போது தானாகவே பேக்கப் எடுத்துக்கொள்ளும். வாட்ச்சை உங்கள் கணக்கோடு பூட்டி வைக்கும் ஆக்டிவேஷன் லாக்கும் அதோடு நீங்கிவிடும். உடல்நலத் தகவல்கள் ஃபோனில்தான் இருக்கின்றன. கடவு எண், பணம் செலுத்தும் கார்டு, புளூடூத் இணைப்புகள் இவை மட்டும் பேக்கப்பில் வராது, திரும்பப் போட வேண்டும். வாட்ச் கையில் இல்லாத நாட்களில் ஃபோனின் டைமரை நம்பாதீர்கள், சைலண்ட்டில் போட்டாலும் அது சத்தம் போடும்.

விழித்திருப்பவள்

சரி, திங்கட்கிழமை கொடுக்கிறேன். ஸ்ட்ராப்பைக் கழற்றி அம்மாவின் தலையணைப் பக்கம் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என் பை இல்லையா" என்று கேட்டார்.