ரீ: ‘கிரேட்டர் தேன்’ – பெரியதா, அதிகமா?

ஐயா வணக்கம், மத்தவங்களுக்கும் வணக்கம்.

நாம தமிழாக்கற சாஃப்ட்வேர்ல ‘கிரேட்டர் தேன்’ (greater than)ங்கறதுக்கு ‘பெரியது’ன்னே போட்டுடலாம்னு நீங்க சொன்னது கணக்குப் பாடத்துக்கு சரி, 7 என்பது 5ஐ விடப் பெரியதுன்னுதான் எல்லாரும் படிச்சோம். ஆனா இது கடைக் கணக்கு சாஃப்ட்வேரோட ஃபில்டர் மெனு, அதாவது எதை மட்டும் காட்டணும்னு பொறுக்கி எடுக்கற இடம், இங்க வர்றது சம்பளம், ஸ்டாக், வயசு. சம்பளம் 20000ஐ விடப் பெரியதுன்னு யார் சொல்றாங்க, அதிகம்னுதானே சொல்வோம்? வயசுக்கு ‘மேல்’ வரும், அதுலயும் 18க்கு மேல்னா 18 உண்டா இல்லையான்னு ஒரு சண்டை. என் ஓட்டு ‘அதிகம்’.

உண்மையான வில்லங்கம் இதுக்கு எதிர்ப்பதமான ‘லெஸ் தேன்’ (less than)லதான். போன வாரம் டெஸ்டிங்ல ‘குறைந்தது’ன்னு போட்டு வச்சிருந்தேன். பக்கத்துல எண்ணை அடிக்கற பெட்டி, அதுல 5. சேத்துப் படிங்க: குறைந்தது 5! அஞ்சுக்கு கம்மியா உள்ளதைக் காட்டுன்னு கேட்டா, அஞ்சுக்குக் குறையக் கூடாதுன்னு அர்த்தமாயிடுது, அப்படியே தலைகீழ். கடை வச்சிருக்கற ஃப்ரெண்ட் ஒருத்தர் பாத்துட்டு, குறைந்தது 5ன்னு கேட்டா 2, 3 இருக்கற சோப்பையெல்லாம் ஏன்யா காட்டுதுன்னு திட்டினார்.

நமக்கு எண் முன்னாடி வரணும், அப்புறம்தான் ‘ஐ விட’. மெனுல பெட்டி பின்னாடி இருக்கு, அதை மாத்த டெவலப்பர் ஒத்துக்க மாட்டேங்கறார். அதனால ‘இதை விடக் குறைவு’, ‘இதை விட அதிகம்’னு வச்சுட்டா 5 எங்க வந்தாலும் பிரச்சனை இல்ல.

5ஐ விடப் பெரியதுங்கறதுக்கு ‘5இன் பெரிது’ன்னு போடலாம்னு தம்பி சொன்னது அழகுதான், குறள்ல ‘ஞாலத்தின் மாணப் பெரிது’ (உலகத்தை விட ரொம்பப் பெரிது)ங்கறதுல வர்ற அதே ஐந்தாம் வேற்றுமை ‘இன்’. இங்கிலீஷ் மாதிரி நமக்கு சொல்லோட வால்ல ‘அர்’ ஒட்ட வேண்டியதில்ல, பெரிது பெரிதாவே இருக்கும், ஒப்பிடற வேலையை வேற்றுமை உருபு பாத்துக்கும். ஆனா இன்னிக்கு 5இன்னு படிச்சா 5உடையன்னுதான் மண்டையில ஏறுது தம்பி.

‘ஆர் ஈக்வல் டு’ சேத்து வர்றதுக்கு ‘அதிகம் அல்லது சமம்’னு போட்டா பட்டன்ல பாதி வெட்டுப்படுது. நம்மகிட்டதான் ரெடியா ‘குறையாமல்’, ‘மிகாமல்’ இருக்கே? கட்டுரை 3 பக்கத்துக்கு மிகாமல்னா மூணு பக்கமும் முழுசா எழுதலாம், நாலாவது கூடாது, அவ்ளோதான். ‘இதற்குக் குறையாமல்’, ‘இதற்கு மிகாமல்’, ஒரே சொல்லுல சமமும் உள்ள வந்துடுது.

ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆட்சேபணை இருந்தா சொல்லிடுங்க, அன்னிக்கு ராத்திரி ஏத்திடுவேன். ‘பிட்வீன்’ (ரெண்டு எண்ணுக்கு நடுவுல) தனி தலைவலி, அதுக்கு வேற மெயில் போடறேன்.