சிபியு பாதுகாப்பு அப்டேட்தான் கம்ப்யூட்டரை மந்தமாக்குகிறதா?

செந்தூல்_தம்பி:
ஐ5-4460, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பூட் ஆக நாலு நிமிடம், குரோம் திறக்க இன்னொரு நிமிடம். "ஸ்பெக்டர், மெல்ட்டவுன் அப்டேட்டால் வந்த வினை, சிபியுவை மாத்திடுங்க" என்கிறார் கடைக்காரர். அந்த அப்டேட்டை மட்டும் கழற்றிவிட முடியுமா?

பாயான்_லெப்பாஸ்_அண்ணன்:
தம்பி, ஸ்பெக்டர், மெல்ட்டவுன் இரண்டும் சிபியுவில் இருக்கும் பாதுகாப்பு ஓட்டைகள். அவற்றை அடைக்க வந்த அப்டேட்டால் வேகம் குறைந்தது உண்மை. ஆனால் உங்கள் நாலு நிமிடத்துக்கு அது காரணம் இல்லை.

மெல்ட்டவுன் தடுப்பு என்ன செய்கிறது? புரோகிராம் கெர்னலிடம் (விண்டோஸின் மையப் பகுதி) ஏதாவது கேட்கப் போகும்போதும், திரும்பும்போதும் பேஜ் டேபிளை (எந்த நினைவகம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்) மாற்றுகிறது. ஒரு தடவைக்கு ஒரு மைக்ரோ வினாடிகூட ஆகாது. கோப்பைத் திறப்பது, நெட்வொர்க்கில் அனுப்புவது என்று ஓயாமல் கெர்னலைக் கூப்பிடும் வேலைகளில்தான் இது சேர்ந்து உறைக்கும். படம் பார்ப்பது, எக்செல் கணக்கு இதற்கெல்லாம் அநேகமாகத் தெரியாது. உங்களுடையது ஹாஸ்வெல் (இன்டெல்லின் 4-ஆம் தலைமுறை), அதில் பிசிஐடி என்ற வசதியை விண்டோஸ் பயன்படுத்துவதால் ஒவ்வொரு மாற்றத்திலும் டிஎல்பியை (அந்தப் பட்டியலில் அண்மையில் பார்த்ததைக் குறித்துவைக்கும் இடம்) முழுதாகத் துடைக்க வேண்டியதில்லை. அதற்கு முந்தைய தலைமுறைகளுக்குத்தான் அடி பலம்.

ஹார்ட் டிஸ்கில் ஒரு சின்னக் கோப்பைத் தேடிப் படிக்க சுமார் 10 மில்லி வினாடி, அதாவது 10,000 மைக்ரோ வினாடி. இதற்கு நடுவே அப்டேட்டின் பங்கை எங்கே தேடுவீர்கள்?

கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எஸ்கேப் அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்கைப் பாருங்கள். 100% என்று நின்றுகொண்டு வேகம் மட்டும் ஒன்றிரண்டு எம்பி என்றால் குற்றவாளி அதுதான்.

கிள்ளான்_டெக்:
அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹாஸ்வெல்லிலும் அதற்கு முந்தையவற்றிலும் சிலருக்கு மந்தம் தெரியும் என்று 2018 ஜனவரியில் மைக்ரோசாஃப்டே சொன்னது. பிறகு விண்டோஸ் 10-இன் 1809 பதிப்புக்கு ரெட்போலின் என்ற வேகமான மாற்றுத் தடுப்பு வந்து, இந்தப் பழைய சில்லுகளுக்கு ஸ்பெக்டர் இழப்பில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது.

அப்டேட்டைக் கழற்றுவது வீண்வேலை. எல்லாமே குமுலேட்டிவ் (முந்தையவற்றையும் சேர்த்தே வரும்), அடுத்த அப்டேட் போட்டால் மொத்தமாகத் திரும்ப வந்துவிடும். சோதித்தே ஆக வேண்டும் என்றால் இன்ஸ்பெக்டர் (InSpectre) என்ற சின்ன டூல் இருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, இரண்டு தடுப்புகளையும் நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். பூட் ஆனதும் உடனே அளக்காதீர்கள். பின்னணி வேலைகள் அடங்கப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு டிஸ்க் வேகத்தை அளக்கும் கிறிஸ்டல் டிஸ்க் மார்க்கை மூன்று முறை ஓட்டி நடு எண்ணை எடுங்கள். செவன்-ஜிப் பெஞ்ச்மார்க்கை (கோப்பைச் சுருக்கும் வேகச் சோதனை) வைத்து மட்டும் முடிவு கட்டினால் ஏமாந்துபோவீர்கள், அது கெர்னல் பக்கமே அதிகம் போகாது. சோதனை முடிந்ததும் தடுப்புகளை மறக்காமல் திரும்பப் போடுங்கள், பேங்க் கணக்கைத் திறக்கும் மெஷின் அது.

2023 ஆகஸ்ட்டில் வெளியான டவுன்ஃபால் என்ற இன்னொரு சிபியு ஓட்டை வேறு கதை. அதன் தடுப்பால் சில வேலைகளில் 50% வரை இழப்பு வரலாம் என்று இன்டெல்லே ஒப்புக்கொண்டது. ஆனால் அது 6 முதல் 11-ஆம் தலைமுறை வரைதான், உங்களுடையது 4.

செந்தூல்_தம்பி:
டிஸ்க் 100%, வேகம் 1.3 எம்பி 😅 எஸ்எஸ்டி வாங்கி, டிஸ்கில் இருப்பதை அப்படியே அதில் குளோன் செய்தால் போதுமா?

பாயான்_லெப்பாஸ்_அண்ணன்:
போதும். குளோன் முடிந்ததும் முதல் பூட்டுக்கு பழைய டிஸ்கைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் எதிலிருந்து பூட் ஆகிறது என்றே தெரியாது. ஹெச்81 மதர்போர்டு என்றால் டிஸ்கைச் சொருகும் நாலு சாட்டா போர்ட்டில் இரண்டுதான் 6 ஜிகாபிட் வேகம். மேனுவலைப் பார்த்து அதில் சொருகுங்கள்.

கேஸைத் திறந்த கையோடு தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிவிடுங்கள். நம்ம ஊர் வெக்கையில் அது காய்ந்து போயிருக்கும். முழு லோடில் சிபியு அதன் அடிப்படை வேகமான 3.2 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கினால் சூடுதான் காரணமா என்று முதலில் பாருங்கள்.