மூக்கனேரி ஏன் நாலரை கிலோமீட்டர் தள்ளி விழுகிறது?

கன்னங்குறிச்சி வாசி:
தாத்தாவின் தகரப் பெட்டியில் 1890களில் அச்சான சேலம் சர்வே படம் ஒன்று கிடைத்தது. மைலுக்கு ஓர் அங்குலம். பின்னால் துணி ஒட்டி மடித்தது. மடிப்பு மடிப்பாக ஸ்கேன் செய்து கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, ஓரத்தில் அச்சிட்டிருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையே நான்கு மூலைகளுக்கும் கொடுத்தேன். எங்கள் ஊர் ஏரியான மூக்கனேரி கிழக்கே அயோத்தியாப்பட்டணம் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது! திருமணிமுத்தாறும் கூடவே போய்விட்டது. மூன்று இரவுகள் போயின. எங்கே தவறினேன்?

ஓய்வுபெற்ற நில அளவர்:
தம்பி, எல்லாமே ஒரே அளவில் கிழக்கே போயிருக்கிறதா? அப்படியானால் தவறு உங்களுடையது அல்ல. 1905க்கு முந்தைய சர்வே படங்களின் தீர்க்கரேகை, சென்னை வானாய்வகத்துக்கு அந்தக் காலத்தில் கணித்த மதிப்பைப் பிடித்துக்கொண்டு வந்தது. அது சுமார் 2 நிமிடம் 27 விநாடி கூடுதல். நம் அட்சரேகையில் அது ஏறக்குறைய 4.5 கிலோமீட்டர். கழித்துப் பாருங்கள். அந்தப் படங்கள் பூமியின் வடிவமாக எடுத்துக்கொண்ட எவரெஸ்ட் நீள்கோளத்துக்கும் இன்றைய ஜிபிஎஸ் கணக்குக்கும் உள்ள வேறுபாட்டால் இன்னும் கொஞ்சம் விலகும். படம் எவரெஸ்ட் கணக்கில் உள்ளது என்று குறித்துவிட்டால் அதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.

ஏற்காட்டுக்காரி:
கழித்த பிறகு சரிபார்க்க ஏரிக்கரையை மட்டும் எடுக்காதீர்கள். மழைக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று அது மாறும். சேர்வராயன் கோயில் உச்சி, பழைய கோயில்கள், சாலை பிரியும் இடங்கள் இவையே நல்ல பிடிமானம். துணி மடிப்புகளில் இடைவெளி இருக்குமே, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பொருத்துங்கள். எங்கள் எஸ்டேட் படத்தை முழுத்தாளாகப் பொருத்தப் போய் நான் பட்டது போதும்.

கன்னங்குறிச்சி வாசி:
ஐயா, கழித்தேன். ஏரி வீட்டுக்கு வந்துவிட்டது! சொல்லப்போனால் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது: பழைய கரைக்கோடு எங்கள் கிணற்றைத் தாண்டிப் போகிறது. "அதனால்தான் கிணறு வற்றுவதே இல்லை" என்கிறார் அம்மா.

ஓய்வுபெற்ற நில அளவர்:
அம்மாவிடம் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர். கரைக்கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் என்றாலே உங்கள் கிணறு உள்ளேயும் இருக்கலாம், வெளியேயும் இருக்கலாம். தாலுகா அலுவலகத்தில் உங்கள் சர்வே எண்ணுக்குப் புலப்படம், அதாவது அந்த நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் படம், கேளுங்கள். பழைய புலப்படமாக இருந்தால் அளவு லிங்க்கில் இருக்கும். 100 லிங்க் ஒரு சங்கிலி, 66 அடி.

கன்னங்குறிச்சி வாசி:
திங்கட்கிழமை போகிறேன். அம்மாவும் வருகிறாராம்.